திரையில் வந்த பணம் கைக்கு வந்துவிட்டதா?

வீட்டிலிருந்தபடியே செய்யும் இணைய வணிகம் பற்றி எங்கள் தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் அண்மையில் பேசினோம். விளம்பர இடைவேளை போக நமக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பது நேயர்கள் அறிந்ததே. அந்த நேரத்தில் பாதியை ஒரே ஒரு கேள்வி எடுத்துக்கொண்டது. "ஆர்டர் பக்கத்தில் 'ரிஃபண்டட்' என்று போட்டிருக்கிறது. அப்படியானால் பணம் எங்கே?" அன்று அரைகுறையாக விட்ட பதிலை இந்தப் பக்கத்தில் முழுமையாகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர் கிள்ளானைச் சேர்ந்த ஒரு சகோதரி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சமையலறைச் சாமான்கள், வீட்டு அலங்காரப் பொருள்கள் ஆகியவற்றை இணையத்தில் விற்கிறார். ஆனால் வீட்டில் ஒரு பெட்டிகூட இருப்பில் இல்லை. வாடிக்கையாளர் இவருடைய இணையக் கடையில் பணம் கட்டியதும், இவர் அதே பொருளைச் சீனாவிலுள்ள ஒரு விற்பனையாளரிடம் குறைந்த விலைக்கு வாங்கி, வாடிக்கையாளரின் முகவரிக்கே நேராக அனுப்பச் சொல்லிவிடுவார். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் இவருக்கு லாபம். இதைத்தான் டிராப்ஷிப்பிங் என்கிறார்கள்.

தீபாவளிக்கு ஐந்து வாரங்கள் இருந்தபோது, ஈப்போவிலிருந்து ஓர் அம்மா அலங்கார மின்விளக்குத் தொகுப்பு ஒன்றுக்கு 160 வெள்ளி கட்டினார். கிள்ளான் அக்கா அதற்காகச் சீன விற்பனையாளருக்கு 96 வெள்ளி செலுத்தினார். தீபாவளி வந்தது, விளக்கு வரவில்லை. ஈப்போ அம்மா, தாம் பணம் கட்டிய இணையக் கட்டணச் சேவையிடம் புகார் கொடுத்தார். அக்கா பதறிப்போய்ச் சீன விற்பனையாளரிடம் கேட்டார். ஒரு தொகையைத் திருப்பித் தருவதாகவும், அதற்கு ஒப்புதல் கொடுக்கும்படியும் அவர் பதில் அனுப்பினார். அக்கா ஒப்புதல் பொத்தானை அழுத்தினார். ஆர்டர் பக்கத்தில் 'ரிஃபண்டட்' என்று வந்தது.

"அதைப் பார்த்ததும் ஈப்போ அம்மாவுக்கு, 'பணம் திருப்பியாச்சு, வந்துடும்'னு செய்தி அனுப்பிட்டேன் தம்பி. அதுக்கப்புறம் அந்தப் புகார் பக்கத்தை நான் திறந்துகூடப் பார்க்கல" என்றார் அவர்.

அக்கா பார்த்த சொல் பொய்யில்லை. ஆனால் அது வேறொரு பணத்தைப் பற்றிய சொல். திரும்பி வந்தது 96 வெள்ளியில் 30 வெள்ளி மட்டும்தான். அதுவும் அக்காவின் கணக்குக்கு வந்த பணம். ஈப்போ அம்மா கட்டிய 160 வெள்ளியை யாரும் தொடவே இல்லை. அக்காவிடமிருந்து பதில் வராததால், கெடு முடிந்ததும் புகார் ஈப்போ அம்மாவுக்குச் சாதகமாக முடிந்து, 160 வெள்ளியும் அக்காவின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. விற்பனையின்போது பிடித்துக்கொண்ட சேவைக் கட்டணம் 8 வெள்ளியும் திரும்பவில்லை. கூட்டிக் கழித்தால் அக்காவுக்கு 74 வெள்ளி நட்டம்.

ஆனால் அக்கா கலங்கியது அந்த 74 வெள்ளிக்காக அல்ல. பணம் வரும் வரும் என்று காத்திருந்த நாள்களில், ஈப்போ அம்மா ஒரு வாட்ஸ்அப் குழுவில் இவரை 'ஏமாற்றுக்காரி' என்று எழுதிவிட்டார். அந்தக் குழுவில் இவருடைய உறவினர்களும் இருந்தார்கள்.

ஒரு பொருள், இரண்டு ஆர்டர்

இந்தக் குழப்பத்தின் வேர் எங்கே இருக்கிறது? சாதாரணக் கடையில் ஒரு பொருளுக்கு ஒரு விற்பனைதான். டிராப்ஷிப்பிங்கில் ஒரே பொருளுக்கு இரண்டு விற்பனைகள் நடக்கின்றன. வாடிக்கையாளருக்கும் கடைக்காரருக்கும் இடையே ஒன்று, அது முன்பக்க ஆர்டர். கடைக்காரருக்கும் சரக்கு அனுப்புபவருக்கும் இடையே இன்னொன்று, அது பின்பக்க ஆர்டர். இரண்டுக்கும் தனித்தனி ஆர்டர் எண், தனித்தனிப் பணம், தனித்தனிக் கெடு. ஒன்றில் பணம் திரும்பினால் மற்றொன்றில் தானாகத் திரும்பாது.

எனவே திரையில் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது எந்த ஆர்டரைப் பற்றிச் சொல்கிறது?" என்பதே. அடுத்த கேள்வி, "இது பொட்டலத்தைப் பற்றியதா, பணத்தைப் பற்றியதா, புகாரைப் பற்றியதா?" இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

பொட்டலத்தின் நிலை

கருத்துக்களத்துக்கு வந்திருந்த கூரியர் துறை நண்பர் ஒருவர் நல்ல விளக்கம் தந்தார். 'லேபிள் கிரியேட்டட்' அல்லது 'இன்ஃபர்மேஷன் ரிசீவ்ட்' என்று இருந்தால், பொட்டலம் கூரியர் கைக்கு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. முகவரிச் சீட்டு அச்சிடப்பட்டது, தகவல் கணினியில் ஏறியது, அவ்வளவுதான். அதே நிலையில் வாரக்கணக்கில் நின்றால், சரக்கு இன்னும் கிடங்கைவிட்டே புறப்படவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

இணையக் கடையில் தெரியும் 'ஃபுல்ஃபில்ட்' என்ற சொல்லும் பலரை ஏமாற்றிவிடுகிறது. பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், அந்த ஆர்டரை அனுப்பியாயிற்று என்று கடைப் பக்கத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. சேர்ந்ததைச் சொல்லும் சொல் 'டெலிவர்ட்' ஒன்றுதான். 'எக்ஸெப்ஷன்' என்றால் வழியில் ஏதோ தடங்கல். 'ரிட்டர்ன் டு செண்டர்' என்றால் பொட்டலம் அனுப்பியவருக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது.

அனைத்துலக அஞ்சல் வழி வரும் பொட்டலங்களின் எண்ணைப் பார்த்தாலே ஒரு தகவல் கிடைக்கும். உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த முறைப்படி அதில் 13 இடங்கள் உண்டு. முதலில் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. 'சி.என்.' என்று முடிந்தால் சீனா, 'எம்.ஒய்.' என்று முடிந்தால் மலேசியா. உள்நாட்டுக் கிடங்கிலிருந்து வருகிறது என்று சொல்லி விற்ற பொருளின் எண் 'சி.என்.' என்று முடிந்தால் விற்றவரிடம் விளக்கம் கேட்கலாம். தனியார் கூரியர் நிறுவனங்களின் எண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பணத்தின் நிலை

'பெண்டிங்' என்றால் பணம் இன்னும் வந்து சேரவில்லை. 'ஆத்தரைஸ்ட்' என்றால் வாடிக்கையாளரின் அட்டையில் அந்தத் தொகை ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, கடைக்காரர் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. 'பெய்ட்' என்றால் எடுத்தாயிற்று.

ஒதுக்கி வைத்த தொகையை எடுக்காமலேயே ஆர்டரை ரத்து செய்தால் 'வாய்டட்' என்று வரும். இங்கே திருப்பித் தருவதற்கு எதுவும் இல்லை, ஏனெனில் பணம் போகவே இல்லை. ஒதுக்கீட்டை வங்கி விடுவிக்கச் சில நாள் ஆகலாம். அட்டைக் கணக்கில் பணம் திரும்பி வந்ததாகத் தனி வரி எதுவும் வராமல், பழைய வரியே மறைந்துபோவதும் உண்டு. இது தெரியாமல் 'என் பணம் வரவில்லை' என்று சண்டை போட்டவர்கள் பலர்.

'ரிஃபண்டட்' என்றால் முழுத் தொகையையும் திருப்பும்படி கடைக்காரர் ஆணை கொடுத்துவிட்டார். 'பார்ஷியலி ரிஃபண்டட்' என்றால் ஒரு பகுதிக்கு மட்டும். கவனியுங்கள், இவை ஆணை கொடுத்ததைச் சொல்லும் சொற்கள். கடன்பற்று அட்டைக்குப் பணம் போய்ச் சேர வழக்கமாக 5 முதல் 10 வேலை நாள்கள் ஆகும். இடையில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை வந்தால் நாள்காட்டியில் இரண்டு வாரம் ஓடிவிடும்.

அந்த அவகாசமும் கடந்துவிட்டதா? கடைக்காரரிடம் ஏ.ஆர்.என். என்ற எண்ணைக் கேளுங்கள். அட்டைப் பரிவர்த்தனைக்குரிய 23 இலக்க எண் அது. அதை உங்கள் வங்கியிடம் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று அவர்களால் தேடிப் பார்க்க முடியும். உண்மையாகவே அட்டைக்குப் பணம் திருப்பிய கடைக்காரர், இந்த எண்ணைத் தம் கட்டணச் சேவையிடம் கேட்டு வாங்கித் தரலாம். இதே எண் கடைக்காரரின் நல்ல பெயருக்கும் காவல். 'நான் அனுப்பிவிட்டேன்' என்று பத்துத் தடவை சொல்வதைவிட இந்த ஓர் எண்ணை அனுப்புவது மேல்.

புகாரின் நிலை

'டிஸ்பியூட்' என்ற சொல்லைப் பார்த்ததும் நம்மில் பலருக்கு வழக்கு வந்துவிட்டது போல ஒரு பயம். பயத்தில் பக்கத்தை மூடிவிடுகிறோம். செய்யவே கூடாத காரியம் அதுதான். புகாரின் ஒவ்வொரு நிலையிலும் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும். கெடு முடியும்வரை பேசாமல் இருந்தால், அந்த மௌனமே பதிலாக எடுத்துக்கொள்ளப்படும்.

பலரும் பயன்படுத்தும் பேபால் சேவையை எடுத்துக்கொள்வோம். பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள்களுக்குள் வாங்கியவர் புகார் திறக்கலாம். முதல் கட்டத்தில் வாங்கியவரும் விற்றவரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவகாசம் 20 நாள். தீரவில்லை என்றால் அந்த 20 நாளுக்குள் வாங்கியவர் அதை 'கிளெய்ம்' என்ற அடுத்த கட்டத்துக்கு உயர்த்த வேண்டும். உயர்த்தாமல் விட்டால் புகார் தானாக மூடிக்கொள்ளும். மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது.

'கிளெய்ம்' ஆனபிறகு முடிவெடுப்பது பேபால் நிறுவனம். பதில் சொல்ல விற்றவருக்கு வழக்கமாக 10 நாள் தருவார்கள். 'வெயிட்டிங் ஃபார் செல்லர்ஸ் ரெஸ்பான்ஸ்' என்று திரையில் இருந்தால், பந்து விற்றவரின் காலடியில் இருக்கிறது. அவர் பதில் தராவிட்டால் தீர்ப்பு வாங்கியவர் பக்கம் போகும். 'அண்டர் ரிவ்யூ' என்றால் பரிசீலனை நடக்கிறது, இரு தரப்பும் காத்திருக்க வேண்டும்.

இங்கே வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "புகாரை மூடிவிடுங்கள், மூடினால்தான் பணம் அனுப்ப முடியும்" என்று யாராவது செய்தி அனுப்பினால் நம்பாதீர்கள். புகார் திறந்திருக்கும்போதே பணத்தைத் திருப்ப முடியும். பணம் கைக்கு வந்தபிறகு மூடுவதில் யாருக்கும் நட்டமில்லை.

பின்பக்க ஆர்டரில் வேறொரு முறை. அலிஎக்ஸ்பிரஸ், ஷோப்பி போன்ற இணையச் சந்தைகள் வாங்குபவரின் பணத்தை உடனே விற்பவரிடம் கொடுப்பதில்லை. இடையில் தாங்களே வைத்திருந்து, பொருள் கிடைத்ததாக வாங்குபவர் உறுதி செய்த பிறகோ, பாதுகாப்புக் காலம் முடிந்த பிறகோதான் விடுவிக்கின்றன. இதில்தான் டிராப்ஷிப்பிங் செய்பவருக்குப் பெரிய பொறி இருக்கிறது. பின்பக்கப் பாதுகாப்புக் காலம் முடிந்துவிட்டால் அங்கே கதவு அடைபட்டுவிடும். முன்பக்கத்திலோ வாடிக்கையாளருக்கு 180 நாள் இருக்கிறது. அவர் மூன்றாவது மாதம் புகார் கொடுத்தால், கடைக்காரர் தம் கைப்பணத்தைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பின்பக்க விற்பனையாளர் 'இவ்வளவு தருகிறேன்' என்று ஒரு பகுதித் தொகையைக் காட்டும்போது, ஒப்புதல் கொடுத்தால் புகார் அந்தத் தொகையோடு முடிந்துவிடுகிறது. கிள்ளான் அக்கா 30 வெள்ளியை முன்பணம் என்று நினைத்தார். விற்பனையாளருக்கோ அதுவே முழுத் தீர்வு. ஒப்புக்கொள்ளாமல், பொட்டலம் நகரவே இல்லை என்பதற்கான படத்தோடு முழுத் தொகையையும் கேட்டு, சந்தை நிறுவனத்தையே தீர்ப்புச் சொல்ல விட்டிருக்கலாம்.

வங்கி வழி வரும் புகார்

வாங்கியவர் கடைக்கும் கட்டணச் சேவைக்கும் போகாமல் நேராகத் தம் அட்டை வங்கியிடம் போனால் அதற்குப் பெயர் 'சார்ஜ்பேக்'. பொருள் வரவில்லை என்ற புகாருக்கு அட்டை நிறுவனங்களின் விதியில் பொதுவாக 120 நாள் வரை இடமுண்டு. ஆனால் அந்தக் கணக்கை நம்பித் தள்ளிப்போடாமல், சந்தேகம் வந்த வாரத்திலேயே வங்கியை அழைத்துவிடுவது நல்லது.

சார்ஜ்பேக் வந்தால் தீர்ப்புக்கு முன்பே பணம் கடைக்காரரின் கணக்கிலிருந்து எடுக்கப்படும். கூடவே ஒரு கட்டணமும் பிடிப்பார்கள். 'இன்கொயரி' என்று மட்டும் இருந்தால் வங்கி விளக்கம் கேட்கிறது, பணம் இன்னும் போகவில்லை. 'நீட்ஸ் ரெஸ்பான்ஸ்' என்றால் ஆதாரம் கொடுக்க வேண்டிய நேரம். பொட்டல எண், சேர்ந்த தேதி, வாடிக்கையாளரோடு பேசிய செய்திகள் எல்லாவற்றையும் ஒரே முறையில் திரட்டிக் கொடுக்க வேண்டும், ஏனெனில் கொடுத்தபின் திருத்த வாய்ப்பு கிடைப்பது அரிது. 'வொன்' என்றால் கடைக்காரர் வென்றார், 'லாஸ்ட்' என்றால் தோற்றார். வாங்கியவர் வென்றாரா என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். கடைக்காரரின் பக்கத்தில் தெரிவது கடைக்காரரின் வெற்றி தோல்விதான். முடிவு வர இரண்டு, மூன்று மாதங்கள்கூட ஆகலாம்.

சார்ஜ்பேக் நடந்துகொண்டிருக்கும்போது, பாவம் என்று நினைத்து வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்குத் தனியாகப் பணம் அனுப்பிவிடாதீர்கள். வங்கியும் ஒருமுறை எடுக்கும், நீங்களும் ஒருமுறை கொடுத்திருப்பீர்கள். தவறு உங்களுடையது என்றால் புகாரை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள். அதுவே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நிகழ்ச்சிக்கு வந்திருந்த வழக்கறிஞர் சொன்ன ஒரு விஷயம் அரங்கத்தை அமைதியாக்கியது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 2007இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் இணைய வணிகத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. விற்பவர் தம் பெயர், வணிகப் பதிவு எண், மின்னஞ்சல், தொலைபேசி எண், முகவரி, அனுப்பும் செலவு உட்பட முழு விலை, பொருள் வந்து சேரும் உத்தேச காலம் ஆகியவற்றைப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று 2013 ஜூலையில் அமலுக்கு வந்த மின்வணிக விதிமுறைகள் கூறின. அவற்றின் இடத்தில் 2024 இறுதியில் புதிய விதிமுறைகள் வந்துள்ளன.

மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளிக் கட்டணத்தில் பதியலாம். மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பாயத்தின் உத்தரவை 14 நாளுக்குள் நிறைவேற்றத் தவறுவது குற்றம். ஈப்போ அம்மாவுக்கு இந்த வழி திறந்திருந்தது. அவர் பொருள் வாங்கியது அக்காவிடம், எனவே பொறுப்பும் அக்காவுடையது. 'சீனாக்காரர் அனுப்பவில்லை' என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆனால் அக்கா அதே தீர்ப்பாயத்துக்குப் போய்ச் சீன விற்பனையாளர்மீது கோரிக்கை வைக்க முடியுமா? முடியாது. சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர்தான் சட்டத்தின் பார்வையில் பயனீட்டாளர். மறுவிற்பனைக்காக வாங்குபவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். ஆக, டிராப்ஷிப்பிங் செய்பவர் முன்பக்கத்தில் முழுப் பொறுப்பைச் சுமக்கிறார், பின்பக்கத்தில் அவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவருடைய பணத்துக்கு நடைமுறையில் இருக்கும் காவல், சந்தையின் புகார்ப் பக்கமும் அதில் ஓடும் கெடுவும்தான். 'ஒரு சொல்தானே' என்று அலட்சியமாக இருக்க முடியாததற்கு இதுவே காரணம்.

இனி என்ன செய்யலாம்?

விற்பவர்கள் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வோர் ஆர்டருக்கும் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரியில் முன்பக்க ஆர்டர் எண், தொகை, புகார் இருந்தால் அதன் கெடு. இரண்டாவது வரியில் பின்பக்க ஆர்டர் எண், தொகை, பாதுகாப்புக் காலம் முடியும் நாள். அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே வாடிக்கையாளரிடம், "பொருள் வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அன்றே பின்பக்கத்தில் புகாரைத் திறங்கள். வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும்போது 'பணம் திருப்பியாச்சு' என்று மொட்டையாக எழுதாமல், எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த அட்டைக்கு அல்லது கணக்குக்கு என்று எழுதுங்கள். எஸ்.எஸ்.எம்.மில் இன்னும் பதிவு செய்யாதவர்கள் செய்துவிடுங்கள். தீபகற்ப மலேசியாவில் வணிகம் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம்.

வாங்குபவர்கள், விற்பவர் 'ரிஃபண்டட்' என்று தெரியும் ஒரு படத்தை அனுப்பினால், அதில் உங்கள் ஆர்டர் எண் இருக்கிறதா, நீங்கள் கட்டிய தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது உங்கள் பணத்தைப் பற்றிய படம் அல்ல. உடனே ஏமாற்று என்று முடிவு கட்டவும் வேண்டாம். அனுப்பியவரே அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் கிள்ளான் அக்கா, எந்தப் பணம் எப்போது யாருக்குப் போனது என்பதைத் தேதி வாரியாக எழுதி ஈப்போ அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து அந்த வாட்ஸ்அப் குழுவில் ஈப்போ அம்மாவே, 'பணம் கிடைத்துவிட்டது, அவர்மேல் தவறில்லை, விவரம் தெரியாமல் எழுதிவிட்டேன்' என்று பதிவு போட்டாராம். அக்கா இப்போதும் கடையை நடத்துகிறார். இரண்டு வரிக் கணக்குப் புத்தகம் ஒன்றை வைத்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்.

நேயர்களின் மற்றக் கேள்விகளுக்கு அடுத்த கருத்துக்களத்தில் பதில் தேடுவோம்.